கடை வாசலில் தொங்கும் சஷே: திருகோணமலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் சில்லறைக் கடை வைத்திருப்பவர்கள், வீட்டில் மிளகாய்த்தூள், சரக்குத்தூள் இடித்துப் பொதிசெய்து விற்பவர்கள், மாதச் செலவைக் கட்டுப்படுத்தப் பார்க்கும் குடும்பங்கள் ஆகியோர், சஷே எனப்படும் சின்னப் பக்கெட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன அளவில் வாங்குவது தப்பே இல்லை. அந்தச் சின்ன அளவைக் கொடுக்க, பாவித்ததும் குப்பையாகிற இந்தப் பை ஒன்றுதான் வழி என்று சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

சஷே என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை பாவிக்கும் அளவை அடைத்து, ஓரங்களைச் சூட்டில் ஒட்டி மூடிய மெல்லிய பை. ஷாம்பு, கொண்டிஷனர், சலவைத்தூள், துணிக்குப் போடும் வாசனைத் திரவம், பால்மா, கோப்பி, சூப் தூள், தக்காளி சோஸ், ஊறுகாய் எல்லாம் இதில் வருகின்றன. நீளக் குச்சி போல இருக்கும் கோப்பிப் பக்கெட்டும் இந்தக் குடும்பம்தான். கடையில் வரிசையாக, கிழிக்கும் கோட்டோடு ஒட்டியபடி தொங்கும்.

இது எங்கே தொடங்கியது?

உப்பு, சீனி, கோப்பி போன்றவற்றைச் சின்னப் பைகளில் அடைப்பது மேல்நாடுகளில் பழைய வழக்கம். ஆனால் ஏழைக் குடும்பத்துக்கும் எட்டுகிற விலையில் தினசரிப் பொருளைச் சஷேயில் விற்கும் வியாபாரத்தைப் பற்றிப் பேசினால், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர் வெல்வெட் ஷாம்புவைச் சஷேயில் விற்றார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983 இல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் கெவின்கேர் என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுதான். சிக் ஷாம்புவின் 50 பைசாச் சஷே, அதுவரை தலைக்குச் சவர்க்காரம் போட்டுக் குளித்துக்கொண்டிருந்த தென்னிந்தியக் கிராமங்களுக்குள் ஷாம்புவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரிய நிறுவனங்கள் அதைப் பார்த்துத்தான் பின்னால் ஓடிவந்தன.

அந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற பகுதி வேறு. ஆரம்ப காலத்தில் சிக் ஒரு சலுகை அறிவித்தது: வெற்றுச் சஷேக்களைச் சேர்த்துக் கடைக்குக் கொண்டுவந்தால் புதிய சஷே ஒன்று இலவசம். வியாபாரத்தைப் பிடிக்கச் செய்த உத்திதான், சுற்றாடலை நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் வெற்றுப் பைக்கு ஒரு விலை இருந்தால் சனங்கள் அதை எறியமாட்டார்கள், பொறுக்கிக்கொண்டு வருவார்கள் என்பதை அது அன்றைக்கே காட்டிவிட்டது. கீழே குப்பை பற்றிய கேள்விகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஏன் இவ்வளவு விற்கிறது?

காசு வரும் விதத்தைப் பாருங்கள். மாதச் சம்பளக்காரர் மாத ஆரம்பத்தில் பெரிய போத்தலாக வாங்கி வைப்பார். திருகோணமலையில் பெரும்பாலானவர்களின் வருமானம் அப்படி வருவதில்லை. கரைவலை இழுப்பவருக்கு அன்றைய மீன்பாட்டில் பங்கு. மேசன் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவருக்கு நாட்கூலி. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலை செய்பவருக்குச் சீசன் இருக்கும் மாதங்களில்தான் கை நிறையக் காசு. ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மாரியும் வந்தால் கடல் கொந்தளிக்கும், சுற்றுலாப் பயணிகளும் குறைந்துவிடுவார்கள். அந்த மாதங்களில் அன்றைக்குத் தேவையானதை மட்டும்தான் வாங்க முடியும். ஷாம்பு வேண்டும், அரிசியும் வேண்டும், பிள்ளைக்குக் கொப்பியும் வேண்டும். போத்தலுக்கு மொத்தமாகக் காசைக் கொடுத்துவிட்டால் மற்ற இரண்டும் நின்றுவிடும். அந்த நேரத்தில் சஷே வாங்குவது சரியான கணக்கு.

வறியவர்களையும் ஒரு பெரிய சந்தையாக நிறுவனங்கள் பார்க்க வேண்டும் என்று வாதிட்டவர் கோயம்புத்தூரில் பிறந்த பேராசிரியர் சி.கே. பிரகலாத். ஒரு தடவைக்குப் போதுமான சின்னப் பொதி என்பது அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம். உலகம் முழுவதும் கம்பனிகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நாட்கூலிக்காரரும் நல்ல பொருளைப் பாவிக்க உரித்துள்ளவர்தான். ஆனால் பையின் கணக்கை யார் ஏற்பது என்ற கேள்வி அந்தப் பேச்சில் மிகவும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அப்புறம் 2022. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். ஒரு கிலோ பால்மா வாங்கிய வீடு 400 கிராமுக்கு இறங்கியது, 400 கிராம் வாங்கிய வீடு அதைவிடச் சின்னதுக்கு இறங்கியது. பிறகு பணவீக்கம் தணிந்தாலும் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானது. நெருக்கடியில் பழகிய சின்ன அளவு அப்படியே பழக்கமாக நின்றுவிட்டது.

பாதையும் ஒரு காரணம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைப் படகில்தான் கடக்க வேண்டும். அதற்குப் பிறகு மட்டக்களப்பு வீதியில் மற்றப் பாலங்களும் ஒவ்வொன்றாக வந்தன. இன்று விநியோக வான் கிண்ணியா, மூதூர் தாண்டி வெருகல் வரைக்கும் போய்வருகிறது. சின்னக் கடைக்கும் சரக்கு நேரடியாக வந்து இறங்குகிறது.

எந்தப் பொருட்களில் வளர்ச்சி அதிகம்?

கடைகளைப் பார்த்தாலே தெரியும், உணவுப் பக்கத்தில்தான். பாலும் சீனியும் கலந்த கோப்பிப் பக்கெட், பால்மா, மோல்ட் பானம், சூப், நூடில்ஸுக்குப் போடும் சுவைத்தூள், ஒரு கறிக்கு அளவான சரக்குத்தூள். காரணத்தை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

உடல் பராமரிப்பில், ஷாம்புவுக்குப் பிறகு முகம் கழுவும் ஜெல், வெயிலுக்குப் பூசும் கிறீம், தலைமுடி மாஸ்க் ஆகியவை சின்னப் பையில் வருகின்றன. பெரிய டியூப் ஆயிரக்கணக்கில் விலை. வாங்கிப் பார்த்துத் தோலுக்கு ஒத்துவராவிட்டால் அந்தக் காசு போனது போனதுதான். அதனால் இளம் பெண்கள் முதலில் சின்னப் பையை எடுத்துப் பார்க்கிறார்கள். இது வறுமைக்காக வாங்கும் சஷே இல்லை, பரீட்சித்துப் பார்க்க வாங்கும் சஷே. இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும், இரண்டு வகையான வாடிக்கையாளரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

20 மில்லிலீற்றருக்குக் குறைந்த சஷே தடை என்றார்களே. அப்படியானால் இவை எப்படி விற்கின்றன?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பலர் அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2021 ஜனவரியில் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அந்த வருடம் மார்ச் 31 இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராம், அதற்குக் குறைந்த அளவு கொண்ட பிளாஸ்டிக் சஷேக்கள் தடை. ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. காற்றடைக்கும் சில விளையாட்டுப் பொருட்களும், பிளாஸ்டிக் தண்டு வைத்த காது குடையும் பஞ்சும் அதே அறிவித்தலில்தான் தடையாகின.

ஆகவே கோப்பி, சூப், பால்மா, சுவைத்தூள் எல்லாம் சட்டப்படி சரி. ஷாம்புவும் சலவைத் திரவமும் அந்த அளவில் பிளாஸ்டிக் சஷேயில் வந்தால் சரியில்லை. உணவுப் பக்கம் சஷே வேகமாகப் பெருகுவதற்கு இந்த விலக்கும் கைகொடுக்கிறது.

சட்டத்தைச் சுற்றிப் போகவும் வழி தேடினார்கள். 2022 இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், சஷே தடைகளைப் பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்று ஒரு புலனாய்வு வெளியிட்டது. அதில் இலங்கையும் வருகிறது. தனித்தனியாகக் கிழிக்கக்கூடிய சின்னப் பைகளை ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமாகப் பார்த்தால் 20 மில்லிலீற்றருக்கு மேல் என்று காட்டும் உத்தி அதில் சொல்லப்பட்டது. கடைக்காரர் கிழித்துத் தனியாகத்தானே விற்பார்? சட்டம் எழுதியவர்களின் நோக்கம் அங்கேயே கிழிந்துபோகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. ஒரு சட்டத்தை எதிர்த்து வெளிப்படையாக வாதாடலாம், அது உரிமை. ஆனால் ஒட்டியும் கிழித்தும் கணக்குக் காட்டுவது வாங்கும் சனங்களையும் விற்கும் கடைக்காரரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டுகிறது.

கடைக்காரருக்கு என் யோசனை: உணவும் மருந்தும் அல்லாத சின்னச் சஷேயை எந்தப் பிரதிநிதி கொண்டுவந்தாலும், பையில் அச்சிட்ட அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சந்தேகம் என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேளுங்கள். பரிசோதனை வந்தால் கேள்வி கேட்கப்படுவது கம்பனியின் கொழும்பு அலுவலகத்திடம் இல்லை, உங்களிடம்தான்.

2023 தடையிலும் 2025 அறிவித்தலிலும் சஷே வருகிறதா?

இல்லை. 2023 ஒக்டோபர் 1 இலிருந்து தடையானவை உறிஞ்சுகுழாய், ஒருமுறை பாவிக்கும் தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை, இடியப்பத் தட்டு போன்றவை. 2025 நவம்பர் 1 இலிருந்து நடைமுறைக்கு வந்தது கைபிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதி. இரண்டிலும் சஷேக்குச் சம்பந்தமில்லை.

சின்னப் பக்கெட்டில் வாங்கினால் நட்டமா?

சில பொருளில் நட்டம், சிலதில் இல்லை. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மேலே சொன்ன தடையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விளக்கத்துக்காக மட்டும் எண்களை எடுத்துக்கொள்வோம். 180 மில்லிலீற்றர் போத்தல் 540 ரூபாய் என்றால், ஒரு மில்லிலீற்றருக்கு 3 ரூபாய். 6 மில்லிலீற்றர் சஷே 20 ரூபாய் என்றால் மில்லிலீற்றருக்கு 3 ரூபாய் 33 சதம். அதாவது 30 சஷே வாங்கினால் போத்தலைவிட 60 ரூபாய் கூட. இதே சஷே 15 ரூபாய் என்றால் போத்தலைவிட மலிவு. இந்தியாவில் ஷாம்புச் சஷே பல வேளை போத்தலைவிட மலிவாகவே இருந்திருக்கிறது, போட்டி அவ்வளவு. இங்கே பொருளுக்குப் பொருள் மாறும். கைப்பேசியில் விலையை அளவால் பிரித்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இன்னொன்றும் உண்டு. போத்தலில் இருந்தால் கை தாராளமாக ஊற்றும். சஷே தன் அளவோடு நிறுத்திவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சின்ன விசயமில்லை. மறுபக்கம், நீளமான தலைமுடிக்கு ஒன்று போதாது, இரண்டு உடைக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை உடைகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விலை மாறாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 10, 20, 50 என்று கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற மாதிரித்தான் சஷேயின் விலையை வைப்பார்கள். செலவு ஏறும்போது விலையை ஏற்றினால் வாங்குபவர் திரும்பிப் போய்விடுவார் என்று, விலையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கிராமைக் குறைப்பார்கள். பக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் நிறை இருக்கும். அதைப் பார்க்கும் பழக்கம் வந்தால் பாதிக் கணக்கு சரியாகிவிடும்.

கடைக்காரருக்கு இதில் இலாபம் உண்டா?

ஒரு பக்கெட்டில் கிடைப்பது சில்லறைக் காசுதான், ஆனால் சுழற்சி வேகம். இடமும் வேண்டாம், ஒரு கயிறும் கொளுக்கியும் போதும். முதலும் அதிகம் முடங்காது. அடுத்த கிழமை பிரதிநிதி வரும்போது பழைய சரக்கு தீர்ந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது வெயிலும் எலியும். கடை வாசலில் வெயில் படத் தொங்கவிட்டால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பை சூடேறும், அச்சு மங்கும், திகதி வாசிக்க முடியாமல் போகும். பால்மா, கோப்பி வகைகளை வாசலில் தொங்கவிடவே வேண்டாம்.

இந்தப் பை எதனால் செய்தது? ஏன் பழைய பிளாஸ்டிக் வாங்குபவர்கள் இதை எடுப்பதில்லை?

பார்க்க ஒரே தாள் மாதிரித்தான் இருக்கும். உண்மையில் இரண்டு மூன்று வேறு பொருட்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். வெளியே அச்சுப் பிடிக்கவும் உறுதிக்கும் பொலியெஸ்டர். நடுவில் ஈரம், காற்று, வெளிச்சம் உள்ளே போகாமல் தடுக்க அலுமினியத் தகடு, அல்லது அலுமினியப் பூச்சுப் பூசிய படலம். உள்ளே சூட்டில் உருகி ஒட்டுவதற்குப் பொலித்தீன். எங்கள் ஊர் போல உப்புக் காற்றும் ஈரப்பதனும் உள்ள இடத்தில் கோப்பித்தூள் கட்டிபடாமல் இருப்பது அந்த நடு அடுக்கால்தான். அந்த அளவுக்கு அது நல்ல வேலைப்பாடு, அதை மறுக்கக்கூடாது.

ஆனால் அதே ஒட்டுத்தான் பிரச்சினை. பொலியெஸ்டர் உருகும் சூடு வேறு, பொலித்தீன் உருகும் சூடு வேறு. ஒன்றாக உருக்கினால் எதற்கும் உதவாத கலவை வரும். அடுக்குகளைப் பிரிப்பதற்கு ஆகும் செலவு, பிரித்து வரும் பொருளின் விலையைவிட அதிகம். யூனிலீவர் 2017 இல் இந்தோனேசியாவில் கரைப்பான் கொண்டு சஷேயிலிருந்து பிளாஸ்டிக்கை மீட்கும் சோதனை ஆலை ஒன்றை அமைப்பதாக அறிவித்தது. அது பெரிய அளவில் தொடரவில்லை. அவ்வளவு வசதியுள்ள நிறுவனத்துக்கே கட்டுப்படியாகாதது நகரத்தில் பழைய இரும்பு வாங்குபவருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

நிறையையும் பாருங்கள். வெற்று ஷாம்புச் சஷே ஒன்று ஒரு கிராம்கூட வராது. ஒரு கிராம் என்றே வைத்தாலும் ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் பைகளைக் குனிந்து பொறுக்க வேண்டும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் என்றால் நூறுக்குள் ஒரு கிலோ வந்துவிடும், அதை வாங்கவும் ஆள் உண்டு. பொறுக்குபவர் போத்தலை எடுத்துக்கொண்டு சஷேயை விட்டுவிட்டுப் போவதில் ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் அது கடைசியில் எங்கே போகிறது?

குளிக்கும் இடத்தில் கிழித்து எறிகிறோம். கிணற்றடியில், வடிகானில், வேலியோரத்தில் கிடக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். மாரி தொடங்கியதும் முதல் பெரிய மழை வடிகான்களைக் கழுவி, எல்லாவற்றையும் கடலுக்கோ களப்புக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும். திருகோணமலை மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரம். டச்சுக்குடாவில் கால் நனைக்கப் போனாலும் உட்துறைமுகப் பக்கம் நடந்தாலும் இந்தப் பைகள் கண்ணில் படும். வலையிலும் வரும். மீனோடு சேர்த்து இவற்றையும் பொறுக்கி எடுக்கும் வேலை மீனவருக்கு மிச்சம், அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. குடாவுக்கு வெளியே புறாத்தீவின் முருகைக்கற்கள் இருக்கின்றன, ஆமைகள் வந்து போகும் கடல் அது.

காட்டுப்பக்கமும் தப்பவில்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்த படங்கள் 2022 ஜனவரியில் உலகம் முழுவதும் போயின. உணவு வாசம் ஒட்டிய பொதியை யானை, மாடு, நாய் எதுவும் பிரித்தறியாது. எங்கள் மாவட்டத்திலும் யானைகள் ஊரோரம் வருகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

எரித்துவிட்டால் என்ன?

வேண்டாம். அலுமினியமும் அச்சு மையும் ஒட்டுப்பசையும் சேர்ந்த பை அது. முற்றத்து நெருப்பில் அரைகுறையாக எரியும், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். பிளாஸ்டிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை 2017 இல் சட்டமே தடை செய்துவிட்டது.

சீமெந்து ஆலைச் சூளையில் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மிக உயர்ந்த வெப்பநிலையில் எரியும் சூளையில் இவற்றை எரிபொருளாகப் பாவிக்கலாம் என்பது உண்மை, புத்தளத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. திருகோணமலையில் உள்ள சீமெந்து ஆலை, கிளிங்கர் என்ற, ஏற்கனவே சூளையில் சுட்ட சீமெந்துக் கட்டியை வெளிநாட்டிலிருந்து எடுத்து அரைக்கும் ஆலை, அங்கே சூளை இல்லை. ஆகவே இங்கிருந்து புத்தளத்துக்கு லொறியில் ஏற்ற வேண்டும். அதற்கும் முதலில் யாராவது சேர்க்க வேண்டும், அந்தச் சேர்க்கும் வேலைக்குத்தான் காசு இல்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

உலகில் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 85,500 கோடி சஷேக்கள் விற்பதாக ஒரு மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. பிலிப்பைன்ஸில் மட்டும் ஒரு நாளைக்கு 16 கோடிக்கு மேல் என்று 2019 இல் ஒரு சுற்றாடல் கூட்டமைப்பு கணக்கிட்டது. அங்கேயும் எங்கள் ஊர் போலச் சந்துக்குச் சந்து சின்னக் கடை, அன்றன்றைக்கு வாங்கும் குடும்பங்கள்.

அந்த நாடு 2022 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் சந்தைக்கு விடும் பிளாஸ்டிக் பொதியில் ஒரு பங்கைத் தாங்களே திரும்ப மீட்டாக வேண்டும், 2023 க்கு 20 வீதம், பிறகு படிப்படியாக 2028 இல் 80 வீதம். இந்தோனேசியா 2030 ஐ இலக்காக வைத்துச் சின்னச் சஷேக்களைக் கைவிடும்படி உற்பத்தியாளருக்கு வழிகாட்டியிருக்கிறது. இந்தியாவில் குட்கா, புகையிலை, பான் மசாலாவைப் பிளாஸ்டிக் சஷேயில் விற்கத் தடை. பிளாஸ்டிக் மாசு பற்றிய உலக உடன்படிக்கைக்காக 2025 ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள், இணக்கம் வராமலே கலைந்தார்கள்.

இவற்றில் பிலிப்பைன்ஸ் வழியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பையை அச்சிட்டு விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்று அது சொல்கிறது. கடலூரில் வெற்றுச் சஷேக்கு வந்த மதிப்பை ஒரு நாடு சட்டமாக எழுதினால் அது இப்படித்தான் இருக்கும். இலங்கையும் இந்தத் திசையில் கண்டிப்பான இலக்கோடு போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். அளவை வைத்துத் தடுத்தால் அளவை மாற்றிக்கொண்டு வருவார்கள். திரும்ப எடு என்றால் அப்படி மாற்றிக்கொள்ள வழி குறைவு.

கடதாசிச் சஷே, உக்கும் சஷே என்று வருகிறதே. அவை தீர்வா?

கடதாசி மட்டும் என்றால் ஷாம்பு ஊறிவிடும், ஆகவே உள்ளே ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு எது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. பல "உக்கும்" பைகள் தொழிற்சாலை முறையில் வெப்பமும் ஈரமும் கொடுத்தால்தான் உக்கும், வேலியோரத்தில் எறிந்தால் நீண்ட காலம் அப்படியே கிடக்கும். எல்லா அடுக்கும் ஒரே வகைப் பிளாஸ்டிக்காக இருக்கும் பைகளும் வருகின்றன. அவற்றை உருக்கி மீண்டும் பாவிக்கலாம், ஆனால் அதற்கும் யாராவது சேர்த்தெடுக்க வேண்டும். பை எதுவானாலும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.

சஷே இல்லாமல் சின்ன அளவில் விற்க முடியுமா?

முடியும், இப்போதும் விற்கிறோம். பருப்பு, சீனி, அரிசி, வெங்காயம் எல்லாம் நிறுத்துத்தானே வாங்குகிறோம்? நூறு கிராம் சீனி கேட்டால் எந்த முதலாளியும் இல்லை என்று சொல்லமாட்டார். யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி பனையோலைக் குட்டானில்தான் வந்தது, அதுவும் கைக்கு அடக்கமான சின்னப் பொதிதான்.

சிலியில் அல்கிராமோ என்ற நிறுவனம், சின்னக் கடைகளில் இயந்திரம் வைத்து, கொண்டுவரும் போத்தலில் வேண்டிய அளவு சலவைத் திரவத்தை நிரப்பிக் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. வாங்குபவர் கொடுப்பது பொருளுக்கான காசு மட்டும். பெரிய பொதியில் வாங்குபவருக்குக் கிடைக்கும் விலையே சின்ன அளவில் வாங்குபவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் எண்ணம்.

இங்கே தொடங்குவதானால் பாத்திரம் கழுவும் திரவம், நிலம் துடைக்கும் திரவம், சலவைத்தூள் மூன்றிலும் தொடங்கலாம். மூடியுள்ள கொள்கலனும் குழாயும் அளவுக் குவளையும் இருந்தால் போதும். ஒரு தனிக்கடைக்குக் கடினமாக இருக்கலாம். கூட்டுறவுக் கடையோ மாதர் சங்கமோ செய்தால் மொத்த விலைக்கு எடுக்கலாம். ஷாம்பு, கிறீம் போன்றவற்றைத் திறந்து நிரப்புவதில் சுத்தமும் கலப்படமும் பெரிய பிரச்சினை. நிறுவனமே பொறுப்பெடுத்து, முத்திரையிட்ட கொள்கலனில் கொடுக்காமல் அவற்றைத் தொட வேண்டாம்.

ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்கள் என்ன செய்யலாம்?

இவர்களுக்குச் சாக்கு இல்லை என்றே சொல்வேன். மொத்தமாக வாங்க இவர்களுக்கு வசதி உண்டு. குளியலறைச் சுவரில் நிரப்பக்கூடிய போத்தலைப் பொருத்துங்கள், காலை மேசையில் ஜாமையும் பட்டரையும் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரு சீசனிலேயே செலவு குறைவது தெரியும்.

வீட்டில் இடித்த சரக்குத்தூளைச் சின்னப் பக்கெட்டில் போட்டு விற்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

நல்ல எண்ணம். பெரிய கம்பனிகளோடு போட்டி போட உங்களிடம் இருக்கும் பலம் சுவையும், புதிதாக இடித்ததாக இருப்பதும்தான், ஆகவே அதைக் காப்பாற்றும் பொதி தேவை.

தூளை நன்றாக வறுத்து ஆறவிட்ட பிறகே அடையுங்கள். சூடாக அடைத்தால் உள்ளே நீராவி படிந்து பூஞ்சணம் பிடிக்கும். மாரி மாதங்களில் இடித்த அன்றைக்கே அடைத்துவிடுவது பாதுகாப்பு. ஆரம்பத்துக்குக் கையால் அழுத்தும் சீலிங் மெஷின் போதும். ஓரத்தை ஒட்டியபின் பையை இலேசாக அமுக்கிப் பாருங்கள், காற்று வந்தால் ஒட்டு சரியில்லை.

லேபிளில் பொருளின் பெயர், சேர்த்த பொருட்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயர் முகவரி, உச்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். தொடங்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துவிடுங்கள். அவர் வந்து பார்த்துச் சொல்லும் திருத்தங்கள் பிற்காலத்தில் பெரிய கடைகளுக்குள் போகவும் உதவும்.

அளவைப் பற்றி என் யோசனை ஒன்று. 10 கிராமில் தொடங்காமல் 50, 100 கிராமில் தொடங்குங்கள். 10 கிராம் பக்கெட்டில் பைக்கும் ஒட்டும் கூலிக்கும் போகும் காசு தூளின் பெறுமதியைத் தின்றுவிடும். பக்கத்து வீடுகளுக்கும் தெரிந்த கடைகளுக்கும் கொடுப்பதானால், மூடி போட்ட போத்தலில் கொடுத்து, வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவந்தால் அடுத்த தடவை விலையில் கொஞ்சம் கழித்துக் கொடுங்கள்.

அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், திகதி அழிந்த பக்கெட் கிடைத்தால்?

அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். பக்கெட் 20 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள், நாள் முழுதும் எத்தனை பேரிடம் அந்தக் கூடுதல் காசு எடுபட்டிருக்கும் என்று பாருங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். உணவுப் பக்கெட்டில் திகதி இல்லை, ஊதியிருக்கிறது, கசிகிறது என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். முறையிடும்வரை பக்கெட்டையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்திருங்கள்.